எளிய இயந்திரம், கடினமான கேள்வி

மாணவ நண்பர்களே, பள்ளி மாணவர்களுக்கான ஓர் அறிவியல் பத்திரிகையில் துப்பாக்கியைப் பற்றி எழுதலாமா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். உங்கள் பெற்றோரும் ஆசிரியர்களும் நிச்சயமாகக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தையல் இயந்திரத்தைப் பற்றியோ நீராவி இயந்திரத்தைப் பற்றியோ எழுதினால் யாரும் இப்படிக் கேட்கமாட்டார்கள். போர்த் துப்பாக்கி மனிதனைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்ட கருவி. அதன் சுருள்வில்லையும் உந்துதண்டையும் வியந்து பேசிக்கொண்டே போனால், அது எதற்காகச் செய்யப்பட்டது என்பது மறந்துபோகும் ஆபத்து உண்டு.

ஆனாலும் எழுதத்தான் வேண்டும் என்பது என் கருத்து. காரணம், துப்பாக்கியை நீங்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். திரைப்படத்தில் கதாநாயகன் இயந்திரத் துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிடக்கணக்கில் சுடுகிறான். தோட்டா தீர்வதில்லை, குழல் சூடாவதில்லை, கை வலிப்பதில்லை. அது மந்திரக்கோல். மந்திரக்கோலைக் கண்டு மயங்கலாம். அதைப் பற்றிச் சிந்திக்க முடியாது. இயந்திரத்தைப் பற்றித்தான் சிந்திக்க முடியும்.

எனவே ஓர் உண்மையான துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். சோவியத் யூனியன் 1927-ஆம் ஆண்டில் தன் படைக்கென ஏற்றுக்கொண்ட டி.பி. என்னும் இலகுரக இயந்திரத் துப்பாக்கி அது. 'டி' என்பது அதை வடிவமைத்த தெக்தியாரெவின் பெயரையும், 'பி' என்பது காலாட்படைக்குரியது என்னும் பொருளுள்ள ரஷ்யச் சொல்லையும் குறிக்கும். ஆண்டையும் சேர்த்து டி.பி.-27 என்றும் சொல்வார்கள். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. எளிமையான இயந்திரத்தைச் செய்ய எவ்வளவு அறிவு வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அதே சமயம், எவ்வளவு நல்ல இயந்திரமானாலும் அதனால் செய்ய முடியாத ஒரு காரியம் உண்டு என்பதற்கும் இதன் வரலாறே சாட்சி சொல்கிறது.

சுமக்க முடியாத துப்பாக்கி

இயந்திரத் துப்பாக்கியை முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் ஹிராம் மாக்ஸிம். ஆண்டு 1884. தோட்டா வெடிக்கும்போது ஏற்படும் பின்னுதைப்பையே பயன்படுத்தி, காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றும்படி அவர் செய்தார். மனிதக் கை செய்துவந்த வேலையை வெடிமருந்தே செய்தது. முதல் உலகப் போரில் (1914-1918) இந்தத் துப்பாக்கிக்குப் பலியானவர்கள் ஏராளம்.

ஆனால் மாக்ஸிம் துப்பாக்கி மிகவும் கனமானது. ரஷ்யப் படை பயன்படுத்திய 1910-ஆம் ஆண்டு மாதிரியைச் சக்கர வண்டியோடு சேர்த்து நிறுத்தால் 60 கிலோகிராமுக்கு மேல் வரும். குழலைக் குளிர்விக்க அதைச் சுற்றி ஓர் உறையில் தண்ணீர் நிரப்ப வேண்டும். கடுங்குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்துவிடும். ஓரிடத்தில் நிலைத்து நின்று காவல் காக்க அது சரி; ஓடும் படைவீரனோடு அது ஓடாது. ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போகக்கூடிய இயந்திரத் துப்பாக்கி வேண்டும் என்பதைப் போர் எல்லா நாடுகளுக்கும் உணர்த்தியிருந்தது.

சோவியத் நாட்டின் நிலைமையைச் சற்று நினைத்துப் பாருங்கள். உலகப் போர் முடிந்ததும் உள்நாட்டுப் போர். ஆலைகள் சீர்குலைந்து கிடந்தன. தேர்ந்த தொழிலாளர்கள் குறைவு. நுட்பமான கருவிகளும் குறைவு. படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து விவசாயிகள். ஏரும் கோடரியும் அவர்களுக்குத் தெரியும். நுண்ணிய இயந்திரங்களோடு பழக்கம் இல்லை.

இருப்பதை வைத்துச் சமாளிக்கலாமே என்று முதலில் முயன்றார்கள். மாக்ஸிம் துப்பாக்கியின் தண்ணீர் உறையையும் சக்கரங்களையும் நீக்கி, தோளில் வைத்துச் சுடும்படி டோகரெவ் என்னும் வடிவமைப்பாளர் மாற்றி அமைத்தார். 1925-ஆம் ஆண்டில் அது தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளவும்பட்டது. அப்போதும் அதன் எடை ஏறக்குறைய 13 கிலோ. பழைய வீட்டின் சுவர்களை இடித்து இடித்துச் சிறிதாக்கினாலும் புதிய வீடு கிடைத்துவிடாது அல்லவா? முதலிலிருந்தே சிந்திக்க ஓர் ஆள் தேவைப்பட்டார்.

தூலா நகரத்துச் சிறுவன்

வசீலி அலெக்ஸேயெவிச் தெக்தியாரெவ் தூலா நகரத்தில் பிறந்தவர். தேநீர்க் கொதிகலனான சமவாருக்கும் துப்பாக்கிக்கும் பேர்போன ஊர் அது. அவருடைய குடும்பமே துப்பாக்கித் தொழிலாளர் குடும்பம். 11 வயதில் அவர் ஆயுத ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். உங்களில் பலர் ஆறாம் வகுப்பில் இருந்த வயது அது. இதைப் பெருமைக்குரிய செய்தியாகச் சொல்லவில்லை. பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளை ஆலையில் இருந்தான் என்பது அந்தக் காலத்தின் கொடுமை. ஆனால் உலோகம் எப்படி வளையும், எங்கே உடையும், அரம் போட்டால் எவ்வளவு தேயும் என்பதையெல்லாம் அவர் கை அந்த ஆலையில்தான் கற்றுக்கொண்டது.

கை கற்றது மட்டும் போதாது. பின்னாளில் அவர் விளாதிமிர் ஃபியோதொரவ் என்னும் பொறியியல் அறிஞரோடு சேர்ந்து பணியாற்றினார். ஃபியோதொரவ் கணிதமும் கோட்பாடும் அறிந்த ராணுவ அதிகாரி. தானியங்கித் துப்பாக்கிகளைப் பற்றி ஆழ்ந்து ஆராய்ந்தவர். தாளில் வரைந்தவரும் உலோகத்தில் செய்தவரும் ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றுக்கொண்டார்கள். 1918-ஆம் ஆண்டில் இருவரும் கொவ்ரோவ் என்னும் ஊரின் புதிய ஆயுத ஆலைக்கு வந்து சேர்ந்தார்கள். டி.பி. துப்பாக்கி பிறந்தது அங்கேதான். படிப்பா, தொழில் பழக்கமா என்று நம் ஊர்ப் பட்டிமன்றங்களில் வாதிடுகிறார்களே, அந்த வாதமே தவறு என்பதற்கு இந்த இருவரும் போதும்.

ஒரு விநாடியில் ஒன்பது முறை

இனி இயந்திரத்துக்குள் நுழைவோம். டி.பி. துப்பாக்கி நிமிடத்துக்குச் சுமார் 550 முறை சுடும். ஒரு விநாடிக்கு ஒன்பது முறை என்று கணக்கு வருகிறது. அதாவது தோட்டாவை எடுப்பது, குழலுக்குள் தள்ளுவது, பின்வாயை மூடுவது, மூடியதைப் பூட்டுவது, வெடிக்கச் செய்வது, பூட்டைத் திறப்பது, காலிக் கூட்டை வெளியேற்றுவது ஆகிய ஏழு வேலைகளும் ஒரு விநாடியில் ஒன்பதில் ஒரு பங்குக்குள் முடிந்தாக வேண்டும்.

இவற்றில் மிகவும் ஆபத்தானது பூட்டும் வேலை. தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் ஏறக்குறைய 3,000 வளிமண்டல அளவுக்கு அழுத்தம் உண்டாகிறது. குழலின் பின்வாயை மூடியிருக்கும் எஃகுக் கட்டையை 'அடைப்பான்' என்று அழைப்போம். அந்த நேரத்தில் அடைப்பான் உறுதியாகப் பூட்டப்படாமல் இருந்தால், சுடுபவரின் முகத்தின் மேலேயே அது பாயும். ஆகவே ஒவ்வொரு முறையும், விநாடிக்கு ஒன்பது முறை, தவறாமல் பூட்ட வேண்டும்; குண்டு வெளியேறிய பிறகுதான் திறக்க வேண்டும்.

தெக்தியாரெவ் இதை எப்படிச் செய்தார்? அடைப்பானின் இருபுறமும் கதவு போல் திறந்து மூடும் இரண்டு சிறு எஃகுத் தாழ்களைப் பொருத்தினார். துப்பாக்கி உடலின் உட்சுவர்களில் அந்தத் தாழ்கள் சென்று அமர இரண்டு பள்ளங்கள். தாழ்கள் விரிந்து பள்ளத்தில் அமர்ந்தால் அடைப்பான் பின்னால் நகர முடியாது. உங்கள் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் செய்யும் அதே வேலைதான்.

தாழ்களை விரிப்பது எது? இங்கேதான் அந்த மனிதரின் திறமை இருக்கிறது. தோட்டாவின் அடியிலுள்ள பற்றவைக்கும் மருந்தை ஓர் ஊசி குத்த வேண்டும். அரிசி மூட்டையைக் குத்திப் பார்ப்பார்களே, அந்தக் குத்தூசியின் பெயரையே இதற்கும் வைத்துக்கொள்வோம். அடைப்பான் முன்னேறித் தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி நின்றுவிடுகிறது. ஆனால் அதற்குள் இருக்கும் குத்தூசி நிற்பதில்லை. இன்னும் கொஞ்சம் முன்னே போகிறது. குத்தூசியின் தடித்த பகுதி, ஆப்பு மரத்தைப் பிளப்பதுபோல, இரு தாழ்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளிப் பள்ளத்தில் அமர்த்துகிறது. தாழ்கள் முழுவதும் விரிந்தால் மட்டுமே குத்தூசி கடைசிவரை சென்று தோட்டாவைத் தொட முடியும்.

இதன் விளைவைக் கவனியுங்கள். பூட்டு விழாவிட்டால் வெடிக்காது. இந்தப் பாதுகாப்புக்கென்று தனியாக ஓர் உறுப்பைக்கூட அவர் சேர்க்கவில்லை. வெடிக்கச் செய்யும் ஊசியே பூட்டும் வேலையையும் செய்கிறது. பூட்டு சரியாக விழுந்ததா என்று சோதிக்கும் வேலையையும் செய்கிறது.

திறப்பதும் இதே போலத்தான். குண்டு குழலில் போய்க்கொண்டிருக்கும்போது, வெடிவாயுவில் சிறிது ஒரு துளை வழியாகக் கீழே இறங்கி ஒரு பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறது. பிஸ்டனோடு சேர்ந்து குத்தூசி முதலில் பின்வாங்குகிறது. பிறகு தாழ்கள் உள்ளே மடிகின்றன. அதன்பின்தான் அடைப்பான் நகர்கிறது. இந்தச் சிறிய தாமதத்துக்குள் குண்டு வெளியேறிவிடும், அழுத்தமும் இறங்கிவிடும். பின்னால் போன பிஸ்டனை மீண்டும் முன்னால் தள்ள ஒரு சுருள்வில் இருக்கிறது. அந்தச் சுருள்வில்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

விரியும் தாழ்கள் என்ற எண்ணம் தெக்தியாரெவுக்கு முன்பே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃப்ரீபெர்க் என்ற ஸ்வீடன் நாட்டவரும், அவருக்குப் பின் ஷெல்மான் என்பவரும் அதைப் பற்றிச் சிந்தித்திருந்தார்கள். புதிதாக எதையாவது கண்டுபிடித்தால்தான் அறிவியலறிஞர் என்று எண்ணாதீர்கள். கிடைக்கும் எண்ணங்களில் எது தன் ஆலைக்கும் தன் மக்களுக்கும் பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பதும் பெரிய அறிவுதான்.

இப்படிச் செய்து முடித்த துப்பாக்கியின் எடை, தோட்டாக்கள் இல்லாமல், 9 கிலோவுக்குச் சற்று அதிகம். தண்ணீர் இல்லை, சக்கரம் இல்லை. உறுப்புகள் குறைவு, பெரும்பாலானவை சாதாரணக் கடைசல் இயந்திரத்தில் அதிக நுட்பமின்றிச் செய்யக்கூடியவை. சேறும் மணலும் பனியும் பட்டாலும் வேலை செய்தது. சோவியத் நாடு இத்தகைய துப்பாக்கிகளைச் சுமார் 8 லட்சம் செய்ததாகக் கணக்கிடுகிறார்கள்.

தலையில் ஒரு தட்டு

டி.பி. துப்பாக்கியின் படத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். அதன் மேல் ஒரு பெரிய வட்டத் தட்டு கவிழ்ந்திருக்கும். அந்தத் தட்டுக்குள் 47 தோட்டாக்கள், முனைகள் மையத்தை நோக்க, சக்கரத்தின் ஆரைகளைப் போல அடுக்கப்பட்டிருக்கும். கடிகாரத்தில் இருப்பது போன்ற ஒரு வில் அவற்றைச் சுழற்றி ஒவ்வொன்றாகக் கீழே அனுப்பும்.

ஏன் இந்த விநோத ஏற்பாடு? விடை 1891-ஆம் ஆண்டில் இருக்கிறது. அந்த ஆண்டில் ரஷ்யப் படை ஏற்றுக்கொண்ட 7.62 மில்லிமீட்டர் தோட்டாவின் அடியில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு விளிம்பு உண்டு. பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நிறையத் தோட்டாக்களை அடுக்கினால் ஒன்றின் விளிம்பு மற்றொன்றில் சிக்கிக்கொள்ளக்கூடும். தோட்டாவை மாற்றிவிடலாமே என்றால், நாட்டிலுள்ள லட்சக்கணக்கான பழைய துப்பாக்கிகளையும், தோட்டா செய்யும் ஆலைகளையும் மாற்ற வேண்டும். அதற்கு வசதி ஏது? வட்டமாக அடுக்கினால் விளிம்புகள் சிக்காது. 36 ஆண்டுகளுக்கு முன் யாரோ செய்த முடிவுக்குத் தெக்தியாரெவ் இப்படி ஒரு வட்டம் போட்டு விடை கண்டார். பொறியாளர் யாரும் வெற்றுத் தாளில் தொடங்குவதில்லை.

தட்டு சும்மா கிடைத்துவிடவில்லை. அதற்கும் விலை உண்டு. 47 தோட்டாக்களும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு கிலோ. நிரம்பிய தட்டின் எடையோ இரண்டரைக் கிலோவுக்கு மேல். அதாவது பண்டத்தைவிடப் பாத்திரம் கனம். தட்டில் தோட்டா அடுக்குவது மெதுவான வேலை. நிறுத்தாமல் சுட்டால் ஐந்தே விநாடிகளில் தட்டு காலி. திரைப்படக் கதாநாயகனை இப்போது நினைத்துப் பாருங்கள்.

சூடு கண்ட சுருள்வில்

நல்ல வடிவமைப்பிலும் குறைகள் இருக்கும். டி.பி.யின் குறைகளில் முக்கியமானது நினைவில் வைக்கச் சொன்ன அந்தச் சுருள்வில். இடத்தை மிச்சப்படுத்த, தெக்தியாரெவ் அதைக் குழலுக்கு அடியில், பிஸ்டன் தண்டைச் சுற்றி அமைத்திருந்தார். குழல் தொடர்ந்து சுடும்போது சில நூறு டிகிரிக்குச் சூடேறுகிறது. பக்கத்திலேயே சுருள்வில்.

எஃகுக்கு வில்லின் குணம் எப்படி வருகிறது என்பது உங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறையில் கேட்டால் தெரியும். காய்ச்சி, தோய்த்து, மறுபடி அளவாகச் சூடேற்றிப் பதம் ஏற்றுகிறார்கள். பதம் ஏறிய எஃகு, பதம் ஏற்றியபோது கண்ட சூட்டுக்கு மேல் மீண்டும் சூடானால், பதம் இறங்கிவிடும். அரிவாளை அடுப்பில் போட்டால் முனை மழுங்குவதும் இதனால்தான். டி.பி.யின் சுருள்வில்லுக்கும் இதுவே நேர்ந்தது. நீண்ட நேரம் சுடச் சுட அது தளர்ந்தது, துப்பாக்கி தடுமாறியது. ஆகவே வீரர்கள் சிறு சிறு தொடர்களாகவே சுட வேண்டியிருந்தது. தாங்கி நிற்கும் இரட்டைக் கால்களும் பலவீனமானவை, எளிதில் வளைந்தன.

1944-ஆம் ஆண்டில் டி.பி.எம். என்ற திருத்திய மாதிரி வந்தது. சுருள்வில்லைக் குழலுக்கு அடியிலிருந்து எடுத்து, துப்பாக்கி உடலின் பின்புறம் ஒரு சிறு குழாயில் வைத்தார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வைத்தார்கள். சூட்டிலிருந்து வில்லை விலக்கி வைப்பது என்ற ஒரு சிறிய மாற்றம் வர 17 ஆண்டுகள் பிடித்தன. எளிய விடைகள் கண்ணில் படும்வரை எளியவையாக இருப்பதில்லை. பட்ட பிறகும், நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் ஒன்றை மாற்றுவது சுலபமல்ல.

ஆகையால் டி.பி. குறையற்ற துப்பாக்கி என்று நான் சொல்லமாட்டேன். அதன் எளிமை, சிலவற்றை விட்டுக்கொடுத்து வாங்கிய எளிமை. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்று தீர்மானிப்பதுதான் வடிவமைப்பு. சூட்டையும் தட்டின் பாரத்தையும் பொறுத்துக்கொள்ளலாம். பூட்டு தவறுவதைப் பொறுக்க முடியாது என்று தெக்தியாரெவ் தீர்மானித்தார்.

பின்லாந்தின் பனியில்

ஓர் இயந்திரம் நல்லதா என்பதைச் செய்தவரைக் கேட்டால் சரியான பதில் வராது. எதிரியைக் கேட்க வேண்டும். டி.பி.க்கு அந்தச் சான்றிதழும் கிடைத்தது.

1939-ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று சோவியத் படை பக்கத்துச் சிறு நாடான பின்லாந்தின்மீது படையெடுத்தது. கடுங்குளிரில் நடந்த அந்தப் போர் 1940 மார்ச் 13 அன்று முடிந்தது. பின்லாந்து வீரர்களிடம் அவர்கள் நாட்டிலேயே வடிவமைத்த லாஹ்தி-சலோரந்தா என்னும் இலகுரக இயந்திரத் துப்பாக்கி இருந்தது. அது மிகத் துல்லியமாகச் செய்யப்பட்ட கருவி, குறி தவறாது. ஆனால் உறுப்புகள் ஒன்றோடொன்று நெருக்கமாகப் பொருந்தியிருந்ததால், சிறிது அழுக்குப் பட்டாலும், எண்ணெய் குளிரில் இறுகினாலும் அடம் பிடித்தது. அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். பனியில், விறைத்த விரல்களோடு, அது எப்படி முடியும்? அதன் பெட்டியில் 20 தோட்டாக்கள்தான்.

எதிரியிடமிருந்து கைப்பற்றிய டி.பி. துப்பாக்கிகளைப் பின்லாந்து வீரர்கள் விரும்பி எடுத்துக்கொண்டார்கள். 1917 வரை பின்லாந்து ரஷ்யப் பேரரசின் பகுதியாக இருந்ததால், இரு படைகளும் ஏறக்குறைய ஒரே வகைத் தோட்டாவையே பயன்படுத்தின. ஆகவே பிடித்த துப்பாக்கியை அப்படியே திருப்பிச் சுடலாம். தட்டு கிராமபோன் இசைத்தட்டைப் போல் இருந்ததால், ஒரு பிரபலமான நடனப் பாட்டின் பெயரான 'எம்மா' என்பதையே அதற்குச் செல்லப் பெயராக வைத்தார்கள் என்று சொல்வார்கள்.

பொறியியல் பார்வையில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. நுணுக்கமான வேலைப்பாடு ஒரு பக்கம். சற்றுத் தளர்வாக, தாராளமாக இடம் விட்டுச் செய்த எளிய வேலைப்பாடு மறுபக்கம். அந்தப் பனியில், அந்தக் கைகளில், எளியதே வென்றது. நுணுக்கம் எப்போதும் உயர்வு என்று எண்ணுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் மாணவர்களே, இதே செய்தியை இன்னொரு முறை படியுங்கள். கொவ்ரோவ் ஆலையில் ஒரு தொழிலாளி கவனமாகக் கடைந்து செய்த துப்பாக்கி, அவருடைய நாட்டுப் பிள்ளைகளையே சுட்டது. பூட்டு ஒரு முறையும் தவறவில்லை. யார் கையில் இருக்கிறோம், யாரை நோக்கியிருக்கிறோம், இந்தப் போர் நியாயமானதா என்று அது கேட்கவில்லை. பூட்டு விழாவிட்டால் வெடிக்காதபடி தெக்தியாரெவால் செய்ய முடிந்தது. நியாயம் இல்லாவிட்டால் வெடிக்காதபடி செய்ய அவரால் முடியவில்லை, எவராலும் முடியாது.

அதே துப்பாக்கி 1941 முதல் 1945 வரை ஹிட்லரின் படையை எதிர்த்துத் தன் மண்ணைக் காத்தவர்களின் கையிலும் இருந்தது. பின்னர் கொரியாவிலும் வியட்நாமிலும் சுட்டது. ஒவ்வோரிடத்திலும் இயந்திரம் ஒன்றே, காரணங்கள் வேறு. துப்பாக்கியின் வேலைத்திறத்தைப் புகழ்வதும் அது செய்த செயலைப் புகழ்வதும் ஒன்றல்ல என்று நான் கருதுவது இதனால்தான்.

யார் கேட்பது?

'கருவி நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. பயன்படுத்துபவனைப் பொறுத்தது' என்று பலர் சொல்வார்கள். இது பாதி உண்மை. கத்தியால் காய் நறுக்கலாம். இயந்திரத் துப்பாக்கியால் என்ன செய்ய முடியும்? டி.பி.யிலிருந்து விநாடிக்கு 840 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு சுமார் 9.6 கிராம். அதன் இயக்க ஆற்றலை நீங்களே கணக்கிடுங்கள்; ஏறக்குறைய 3,400 ஜூல் வரும். 50 கிலோ எடையுள்ள ஒருவரை 7 மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல் அது. அத்தனையும் ஒரு விரல் நுனியளவு இடத்தில் பாய்கிறது. இதற்கு வேறு பயன் கிடையாது. எனவே கேள்வி பயன்படுத்துபவருக்கு மட்டும் உரியதல்ல. வடிவமைப்பவர், உற்பத்தி செய்பவர், வாங்கச் சொல்லி ஆணையிடுபவர், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் குடிமக்கள் எல்லாருக்கும் உரியது.

தெக்தியாரெவ் 1949-ஆம் ஆண்டில் காலமானார். நாட்டின் உயர்ந்த விருதுகள் அவருக்குக் கிடைத்தன. காலப்போக்கில் அவருடைய துப்பாக்கிகளுக்குப் பதிலாகச் சோவியத் படை ஏற்றுக்கொண்ட இலகுரக இயந்திரத் துப்பாக்கி, கலாஷ்னிகோவ் வடிவமைத்தது. உலகமெங்கும் பரவிய ஏ.கே.-47 துப்பாக்கியைச் செய்தவரும் அவரே. அவர் 2013-ஆம் ஆண்டில் இறப்பதற்கு முன், தன் துப்பாக்கி பறித்த உயிர்களுக்குத் தானும் பொறுப்பாளியா என்று மனவேதனையோடு தன் நாட்டு மதத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், விவசாயிகளுக்குப் பயன்படும் இயந்திரம் எதையாவது கண்டுபிடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்றும் சொல்லியிருந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டிய பின் கேட்ட கேள்வி அது. நீங்கள் இப்போதே கேட்டுப் பழக வேண்டும் என்பது என் விருப்பம்.

நாட்டைக் காக்க ஆயுதம் தேவைப்படும் சூழ்நிலைகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஹிட்லரை வெறும் சொல்லால் நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் அந்தத் தேவையை ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டும், வழக்கமாக்கிவிடக் கூடாது. அந்தக் கைத்திறனுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. போர் முடிந்த மறு ஆண்டான 1946-ல், அதே கொவ்ரோவ் ஆலை மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது. அங்கும் பிஸ்டன் உண்டு, சுருள்வில் உண்டு, சூட்டைச் சமாளிக்கும் சிக்கல் உண்டு. ஆனால் அந்த வண்டி ஓர் ஆளை வேலைக்கும் சந்தைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்து பாருங்கள். வீட்டிலுள்ள தையல் இயந்திரத்தையோ, சைக்கிளின் பின்சக்கரத்தையோ, தோட்டத்தில் கிடக்கும் மருந்து தெளிப்பானையோ பெரியவர்களின் அனுமதியோடு கவனியுங்கள். எந்த உறுப்பு ஒன்றுக்கு மேற்பட்ட வேலையைச் செய்கிறது? எந்த உறுப்பு முதலில் பழுதாகும், ஏன்? செய்தவர் எதைக் காப்பாற்ற எதை விட்டுக்கொடுத்திருக்கிறார்? விடைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். கடைசியாக இன்னொரு வரியும் சேருங்கள்: இந்த இயந்திரம் யாருக்காக, எதற்காகச் செய்யப்பட்டது? முதல் மூன்றுக்கும் விடை இயந்திரத்துக்குள்ளேயே கிடைக்கும். நான்காவதற்கு வெளியே வந்துதான் தேட வேண்டும்.